பெடல் இல்லாத காரிலும் கிளட்ச் கருகும்!

கேள்வி: என்னுடையது ஏ.எம்.டி. (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்) கார். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போன பஸ்ஸுக்காக நின்று நின்று போனதில் கருகல் வாடை அடித்தது. கிளட்ச் இல்லாத காரில் கருகியது எது?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: கிளட்ச் பெடல்தான் இல்லை, கிளட்ச் பிளேட் இருக்கிறது. 2014இல் மாருதி செலெரியோ மூலம் நம் ஊரில் பரவிய ஏ.எம்.டி., அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். நாம் காலாலும் கையாலும் செய்வதை ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி செய்கிறது, அவ்வளவே.

பஸ் வளைந்து முடிக்கும்வரை வண்டி பின்னால் உருளாமலிருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வைத்திருந்திருப்பீர்கள். அந்த நேரம் முழுக்க பிளேட், இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் உரசிச் சூடேறும். மேனுவல் காரை அரைக் கிளட்ச்சில் நிறுத்தி வைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

ஏற்றத்தில் நின்றால் கால் பிரேக்கில் இருக்கட்டும். அரை நிமிடத்துக்கு மேல் ஆகுமென்றால் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும். கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கை விடாமல் மேனுவல் முறையில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வாடை வந்துவிட்டால் ஓரங்கட்டி, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

ஒருமுறை வாடை அடித்ததற்காகப் பிளேட் மாற்ற வேண்டாம். ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லை, கிளம்பும்போது உதறுகிறது என்றால் காட்டியே ஆக வேண்டும். பிளேட் மாற்றினால் ஸ்கேனரை இணைத்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தை ஆக்சுவேட்டருக்குப் புதிதாகப் பதியவைக்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் புது பிளேட்டிலும் உதறல் போகாது.

இரட்டைக் கிளட்ச் கொண்ட டி.சி.டி.யில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அதிலும் உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காதது) வகைக்கு நெரிசலில் ஊர்ந்து போவது ஆகாது. டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கார்களில் விசையைக் கடத்துவது எண்ணெய் என்பதால் மலைக்கு அதுவே நிம்மதி.

கேள்வி: பழைய சி.வி.டி. (கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் கொண்ட ஆட்டோமேட்டிக்) கார் விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், திருச்சி

பதில்: இன்ஜின் ஆறிக்கிடக்கும் காலை நேரத்தில் போங்கள். பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றிப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் தாமதமோ 'டக்'கென்ற இடியோ கூடாது. பிறகு 20லிருந்து 60 கி.மீ. வரை சீராக மிதித்து ஓட்டுங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் ஸ்டீல் பெல்ட் வழுக்கினால், மிதி மாறாமலே ஆர்.பி.எம். முள் ஏறி இறங்கும், வண்டி நடுங்கும். அப்படியானால் விட்டுவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது சத்தம் முந்தி வேகம் பிந்துவது சி.வி.டி.யின் இயல்பு, கோளாறல்ல. சி.வி.டி.க்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்றப்பட்டதா என்று சர்வீஸ் பில்லில் பாருங்கள். வேறு எண்ணெய் பெல்ட்டின் பிடியையே கெடுக்கும்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: ஆகாது. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்; சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலிலோ ஐடிலிங்குக்குப் பெட்ரோல் வேண்டும். அதோடு இன்ஜின் பிரேக்கிங் (இன்ஜினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிப்பது) போய்விடுவதால் மொத்தச் சுமையும் பிரேக் பேடில் விழும். கொல்லிமலையின் 70 வளைவுகளையும் அப்படி இறங்கினால் பேட் சூடேறி, மிதித்தாலும் பிரேக் பிடிக்காத நிலை வரலாம். மேனுவல் முறையில் இரண்டாவது கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர். சி.வி.டி. என்றால் லிவரை 'எல்' (லோ) நிலைக்கு இறக்குங்கள்.