வாசகர் கேள்வி: எல்லாக் கரண்டும் ஒன்றா?

கேள்வி: எங்க ஊர்ல 'கரண்டு போயிட்டு'ன்னு சொல்றோம். பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் என்கிறார்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க உட்கார்ந்தால் கரண்ட் அஃபையர்ஸ். எல்லாம் ஒரே சொல்லா, தனித்தனியாக மனப்பாடம் பண்ணணுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஒரே சொல்தான். மனப்பாடமே வேண்டாம், ஓட்டம் என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். லத்தீனில் ஓடுவதற்கு 'குர்ரெரே' என்று பெயர், அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உங்கள் ஊர்ப் படித்துறையில் இறங்கினால் தாமிரபரணி காலை இழுக்கிறதே, அந்த நீரோட்டமும் கரண்ட்தான். 18-ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தையும் ஒருவகைத் திரவமாகவே நினைத்தார்கள், அதனால் அதன் ஓட்டத்துக்கும் அதே பெயர் பொருந்திப் போனது. 1944 முதல் ஓடும் பாபநாசம் மின்நிலையத்தில் முதல் கரண்ட் சுழலியைச் சுற்றுகிறது, இரண்டாவது கரண்ட் கம்பியில் கிளம்பி வருகிறது!

ஓடிக்கொண்டிருக்கும் காலம் என்பதால் இந்த மாதம் கரண்ட் மந்த். ஆங்கிலத்தில் ஓடுவதை நாம் நடக்க விட்டிருக்கிறோம், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்: நடப்பு நிகழ்வுகள், நடப்பு ஆண்டு, பணம் ஓயாமல் வந்து போகும் நடப்புக் கணக்கு. கைக்குக் கை ஓடுவது கரன்சி.

அப்புறம் உறவுக்காரர்கள். தபால் ஆபீஸ் ரெக்கரிங் டெபாசிட்டில் தவணை மாதாமாதம் திரும்ப ஓடி வருகிறது. கன்கரண்ட் என்றால் கூடவே ஓடுவது, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு அந்தப் பெயர்தான் (1976-இல் 42-ஆவது திருத்தம் கல்வியை அதில் சேர்த்தது, தேர்வுக்குக் குறித்துக்கொள்ளுங்கள்). கூரியர், கர்சர் இரண்டுமே ஓடுகிறவன்தான்.

ஒன்று மட்டும் கவனம். ஆங்கிலத்தில் எழுதும்போது கரண்ட் கட், கரண்ட் பில் என்று போடாதீர்கள், பவர் கட், எலக்ட்ரிசிட்டி பில் என்பதே சரி. வீட்டு மீட்டரில் ஏறும் யூனிட் மின்னோட்டம் அல்ல, செலவான ஆற்றல், ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. மின்னோட்டத்தை ஆம்பியரில்தான் அளப்பார்கள்.

கேள்வி: கேக்கில் போடும் கரண்ட்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அது இந்தக் குடும்பமே இல்லை. சின்ன உலர் திராட்சை அது, கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்தின் பெயரால் வந்தது. ஆங்கில எழுத்திலும் 'இ' (e) வரும் இடத்தில் 'ஏ' (a) வரும், பார்த்து எழுதுங்கள்.