கார்டீலியா செய்தது துரோகமா?

அன்புள்ள அக்கா,

நீங்கள் சிபாரிசு செய்ததால் லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் விண்வெளி நாவலான 'ஷார்ட்ஸ் ஆஃப் ஆனர்' படித்தேன். விறுவிறுப்பாகத்தான் போனது. முடிவு மட்டும் ஒப்பவில்லை. கார்டீலியா தன் கிரகமான பீட்டா காலனியின் ஆய்வுக் கலத்துக்கே தலைவி. ஆரல் வோர்கோசிகன் எதிரிக் கிரகமான பாராயரின் படைத்தலைவன். கடைசியில் அவள்தான் வேலை, அம்மா, ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனிடம் போகிறாள். விண்வெளிக்குப் போனாலும் பெண்தான் புகுந்த வீடு போக வேண்டுமா? அரசியல் எல்லாம் காதலர்களைப் பிரித்துச் சேர்க்க ஒரு சாக்கு என்று தோன்றியது. அவள் தன் மக்களுக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்றும் பட்டது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அவள் எப்போது கிளம்புகிறாள் என்பதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். காதலுக்காகப் போகிறவள் என்றால் முன்பே போயிருப்பாள். ஆரல் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்கிறான். அவள் பதில் சொல்லாமலே தன் ஆட்களோடு தப்பிப் போகிறாள். போர் முடிந்ததும், போர்க்கைதிகள் முகாமில் மறுபடி கேட்கிறான். அவன்மேல் அவ்வளவு பிரியம் இருந்தும் மாட்டேன் என்கிறாள். பாராயர் தன் மனிதர்களை என்ன ஆக்கி வைத்திருக்கிறது என்று அவள் கிட்டத்திலிருந்து பார்த்துவிட்டாள். அந்த ஊரில் போய் வாழ அவளுக்குப் பயம். சரி என்று அவனும் தனியாகத்தான் திரும்புகிறான்.

துரோகம் என்கிறீர்கள். போரில் அவள் என்ன செய்தாள்? பாராயர் எஸ்கோபார் கிரகத்தின்மேல் படையெடுத்தபோது, பீட்டாவின் புதிய பாதுகாப்புக் கருவிகள் எஸ்கோபாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தன் கலத்தையே இரையாகக் காட்டி எதிரியைத் திசைதிருப்பியவள் அவள். பாராயரின் தோல்வியில் அவளுக்கும் பங்கு உண்டு.

இக்கட்டு அதற்கப்புறம்தான் வருகிறது. அந்தப் போர் தோற்பதற்காகவே தொடங்கப்பட்டது என்று ஆரலின் அறையில் ஒளிந்திருக்கும்போது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கிழப் பேரரசன் எஸார், கொடூரனான தன் மகன் அரியணை ஏறக்கூடாது என்று, அவனையும் போர்வெறிக் கூட்டத்தையும் அங்கே சாகவும் அவமானப்படவும் அனுப்பியிருக்கிறான். ஆரலுக்கு இது தெரியும். அரசனுக்குக் கொடுத்த வாக்குக்காக அத்தனை சாவுகளையும் சுமக்கிறான். நம் செஞ்சோற்றுக் கடன்தான் இது, அதன் மிகக் கசப்பான வடிவத்தில். இது வெளியே வந்தால் பாராயரில் உள்நாட்டுப் போர்.

இந்த ரகசியத்தோடு அவள் ஊர் திரும்புகிறாள். நாவலிலேயே எனக்கு முக்கியமான பகுதி இதுதான். பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், நீங்களும் கடந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஊர் அவளை வீராங்கனை என்று கொண்டாடுகிறது. எதிரித் தளபதியை நீதான் கொன்றாய் என்கிறது. நான் கொல்லவில்லை என்கிறாள், யாரும் கேட்கவில்லை. பாராயர் கைப்பற்றிய கோமார் கிரகத்தில் நடந்த படுகொலையால் 'கோமாரின் கசாப்புக்காரன்' என்று பெயரெடுத்த ஆரலை அவள் விரும்புகிறாள் என்று தெரிந்ததும் மனநல மருத்துவர் வருகிறார். எதிரி உன் மூளையைக் கெடுத்துவிட்டான், நீ வேவுகாரியாகக்கூட இருக்கலாம், மருந்து கொடுத்து உள்ளே இருப்பதை வெளியே எடுக்கிறோம் என்கிறார்கள். தான் துரோகி இல்லை என்று காட்ட வேண்டுமானால் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் பைத்தியம் அல்லது ஒற்றர். பீட்டா கொடுங்கோல் நாடு இல்லை. தேர்தல், விஞ்ஞானம், சுதந்திரம் எல்லாம் உள்ள ஊர். அங்கேயும் ஒரு பெண் சுயபுத்தியோடுதான் எதிரியை நேசிக்கிறாள் என்பதை யாராலும் நம்ப முடியவில்லை. அவள் ஓடுவது அந்தச் சிகிச்சையிலிருந்து. வேறு போக்கிடம் இல்லாத நிலையில்தான் பாராயர் அவளுக்கு வழியாகிறது.

இந்தச் சந்தேகம் கற்பனைக் கிரகத்தில் மட்டும் உள்ளதல்ல. 1907இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். கலிபோர்னியாவிலேயே வாழ்ந்த எத்தல் மெக்கன்சி, பிரிட்டிஷ் குடிமகனை மணந்ததால் வாக்காளராகப் பதிவு செய்ய முடியாமல் வழக்குத் தொடுத்தார். 1915இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. 1922இல்தான் அந்த விதி பெருமளவு மாறியது. மனைவியின் விசுவாசம் கணவன் பின்னால் தானாகவே போய்விடும் என்று ஓர் அரசே எழுதி வைத்திருந்தது. கார்டீலியா துரோகம் செய்தாள் என்று சொல்லும்போது நாமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறோம்.

அரசியல் வெறும் சாக்கு என்பதையும் ஏற்க மாட்டேன். ஆரலை அவள் விரும்பக் காரணமே அவன் அரசியலில் நடந்துகொண்ட விதம். கோமாரில் சரணடைந்தவர்களுக்கு அவன் உயிருக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தான். அதை மீறி அவர்களைக் கொல்ல உத்தரவிட்ட தன் பக்கத்து அதிகாரியை அவனே கையால் கொன்றான். கசாப்புக்காரன் என்ற பெயர் மட்டும் அவனுக்கே நிலைத்தது. இந்த வாக்குத் தவறாமையை எடுத்துவிட்டால் அவனிடம் காதலிக்க என்ன மிச்சம்? அவளை ஈர்க்கும் குணமும் அவளிடமிருந்து அவனைப் பிரிக்கும் குணமும் ஒன்றுதான். கடைசியில் வரும் சிறு பகுதியை விட்டுவிடாதீர்கள். போருக்குப் பின் விண்ணில் மிதக்கும் பிணங்களைச் சேகரிக்கும் ஒரு பெண், எதிரியின் உடலையும் தன் பக்கத்து உடலையும் ஒரே அக்கறையோடு கழுவுகிறாள். காதலர்கள் அங்கே இல்லை, அரசனின் சூழ்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் மட்டும்தான்.

ஓர் இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். புஜோல்டுக்குப் பாராயரின் பிரபுக்கள்மேல் பாசம் கொஞ்சம் அதிகம். கார்டீலியா இழந்த அளவுக்கு ஆரல் இழக்கவில்லை. ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை. 1991இல் வந்து, அடுத்த ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது பெற்ற 'பாராயர்' நாவல் இதன் நேரடித் தொடர்ச்சி. அங்கே ஆரல் சிறுவன் பேரரசனின் பெயரால் நாட்டை ஆள்பவன். செயற்கைக் கருப்பையோடு கலகக்காரர்கள் கையில் சிக்கிய, இன்னும் பிறக்காத தன் பிள்ளைக்காக அவன் படையை அனுப்பத் தயாராக இல்லை. கார்டீலியா அவன் உத்தரவை மீறித் தானே தலைநகருக்குள் புகுகிறாள். புகுந்த வீட்டுக்கு அடங்கிய மருமகள் இவள்தானா என்று அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா