‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படங்களைப் பற்றியவை. இரண்டு பேர் படத்தை மட்டும் இணைத்து, “அவசரம், இதைப் பயன்படுத்தலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தது என்று ஒரு சுட்டிகூட இல்லை. படத்தைப் பார்த்து உரிமம் சொல்ல யாராலும் முடியாது. அது மூலப் பக்கத்தில்தான் இருக்கும். சுட்டியோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: என் பயணக் கட்டுரைத் தளத்தில் விளம்பரம் மூலம் சொற்பத் தொகைதான் வருகிறது. சிசி பை-என்சி படங்களைப் போடலாமா?

பதில்: சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ், படைத்தவர் எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் அனுமதி. பை என்றால் பெயர் போட வேண்டும், என்சி என்றால் வணிகத்துக்குக் கூடாது. சொற்பமா பெரிதா என்று உரிமம் கேட்கவே இல்லை. வணிக ஆதாயத்தையோ பணத்தையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட பயன்பாடா என்பதுதான் அளவுகோல். பயன்படுத்துபவர் யார் என்பதும் கணக்கில் வராது. தொண்டு நிறுவனம் என்பதாலேயே யாரும் தப்பிவிட முடியாது. விளம்பரம் ஓடும் தளம் இழுபறியான இடம். இழுபறியில் இருப்பதைத் தொடாதீர்கள் என்பேன். படம் எடுத்தவருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். என்சி உரிமத்தில் வெளியிட்டவர் உங்களுக்கு மட்டும் தனியாக வணிக அனுமதி தர எந்தத் தடையும் இல்லை. கேட்டால் சும்மாவே தருபவர்கள் நிறைய. வந்த பதிலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: பை-எஸ்ஏ படம் ஒன்றை என் புத்தகத்தில் சேர்த்தால் புத்தகம் முழுவதும் அதே உரிமத்துக்குப் போய்விடுமா?

பதில்: போகாது. எஸ்ஏ என்றால் மாற்றிச் செய்ததை அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். தொகுப்பு வேறு, தழுவல் வேறு. படத்தை உள்ளபடியே அச்சிட்டால் படம் அதன் உரிமத்தில் இருக்கும், உங்கள் எழுத்து உங்கள் உரிமையில் இருக்கும். படத்தின் மேல் வேறு ஓவியத்தை ஒட்டி, வண்ணம் மாற்றி அட்டை செய்தீர்கள் என்றால் அந்த அட்டை ஓவியம் தழுவலாகிவிடும். அதைப் பை-எஸ்ஏவில்தான் விட வேண்டும்.

கேள்வி: குறும்படத்துக்குப் பின்னணியாக ஒரு பை-என்டி இசையைச் சேர்த்திருக்கிறேன். ஒரு நொடிகூட வெட்டவில்லை. சரிதானே?

பதில்: சரியில்லை. என்டி என்றால் தழுவிச் செய்ததை வெளியிடக் கூடாது. ஓடும் காட்சியோடு இசையை நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது தழுவல் என்று உரிம வாசகத்திலேயே எழுதியிருக்கிறது. வெட்டாமல் போட்டாலும் அப்படித்தான். எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பை-எஸ்ஏ இசையைப் போட்டால் குறும்படத்தையே அந்த உரிமத்தில் வெளியிட வேண்டிவரும். வெறும் பை என்றால் பெயர் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் இதழில் படங்களுக்குக் கீழே ‘நன்றி: இணையம்’ அல்லது ‘நன்றி: கூகுள்’ என்று தவறாமல் போடுகிறோம். இது போதும்தானே?

பதில்: போதாது. பல ஆண்டுகளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை, எங்கே இருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். இணையம் என்பது ஆளின் பெயரும் அல்ல.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தூக்கணாங்குருவி கூடு பின்னுவதை மூன்று நாள் விடிகாலையில் போய் உட்கார்ந்து படமெடுத்தேன். மூன்றாம் நாள்தான் அலகில் நாரோடு அது தலைகீழாகத் தொங்கும் ஒரு படம் ஒழுங்காக விழுந்தது. காசு வேண்டாம், பெயர் போட்டால் போதும் என்று சிசி பை உரிமத்தில் ஏற்றினேன். ஒரு பதிப்பகம் அதைப் புத்தக அட்டையில் போட்டது. உள்ளே இரண்டாம் பக்கத்தில் ‘அட்டைப் படம்: இணையம்’ என்று இருந்தது. எழுதிக் கேட்டேன். “நெட்டில் கிடைத்தது சார், யாருடையது என்று தெரியவில்லை” என்றார்கள். மூலப் பக்கத்தில் தலைப்புக்கு நேர் கீழே என் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர்கள் திறக்கவே இல்லை. தேடல் முடிவிலிருந்தே படத்தைச் சேமித்துக்கொண்டார்கள். கூலி வேண்டாம் என்று கொடுத்தவனுக்குப் பெயரையும் தராமல் விடுவதை நான் சின்னப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு வரி போதும். ‘கூடு பின்னும் தூக்கணாங்குருவி’, படம்: இன்னார், மூலப் பக்கத்தின் சுட்டி, சிசி பை 4.0, ஓரம் வெட்டப்பட்டது. படத்தில் கைவைத்திருந்தால் அந்தக் கடைசிச் சொற்கள் கட்டாயம். எடுத்தவர் புனைபெயர் வைத்திருந்தால் புனைபெயரையே போடுங்கள். அச்சில் சொடுக்க முடியாது, ஆகவே முகவரியை முழுதாக எழுதுங்கள்.

உரிமத்தின் பதிப்பு எண்ணையும் பாருங்கள். 4.0 வந்தது 2013இல். அதற்கு முன் ஏற்றியவை 2.0, 3.0 போன்ற பழைய பதிப்புகளில் இருக்கும். 4.0இல் தவறு தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் உரிமை தானாகத் திரும்பிவிடும். பழைய பதிப்புகளில் அந்தச் சலுகை கிடையாது. மீறிய அந்த நிமிடமே உரிமம் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு, பெயர் போடாதவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. மூலப் பக்கத்துக்குப் போங்கள். தேடல் முடிவோடு நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு இசையமைப்பாளர் இறந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் அவருடைய இசையை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மெட்டு பப்ளிக் டொமைனில், அதாவது யாருக்கும் தனி உரிமை இல்லாத நிலையில், இருக்கும். நீங்கள் கேட்கும் ஒலிப்பதிவு வாசித்தவருக்கும் பதிவு செய்தவருக்கும் உரியது. நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் தொல்லை இல்லை.

கேள்வி: ஒரு படத்தை நான் இறக்கியபோது அதன் உரிமம் சிசி பை. இப்போது போய்ப் பார்த்தால் உரியவர் அதை ‘அனைத்து உரிமைகளும் பெற்றது’ என்று மாற்றிவிட்டார். என் வேலை வீணா?

பதில்: இல்லை. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. விதிகளை மீறாதவரை உங்களுக்கு அது செல்லும். அன்று அப்படித்தான் இருந்தது என்று காட்ட ஆதாரம் வைத்திருக்கிறீர்களா? அதனால்தான் படத்தை இறக்கும் அன்றே மூலப் பக்கத்தைத் தேதியோடு திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன். தளங்களே மாற்றுகின்றன: இலவசப் படங்கள் தரும் அன்ஸ்பிளாஷ் தளம் 2017 வரை சிசி0 (எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பது), பிறகு தனக்கென ஒரு உரிமத்துக்கு மாறிவிட்டது.

கேள்வி: அன்ஸ்பிளாஷ் படத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்கலாமா?

பதில்: கணிசமாக மாற்றாமல் அப்படியே விற்கக் கூடாது. அதில் மனித முகமோ நிறுவனச் சின்னமோ இருந்தால் அது தனிக் கதை. படம் எடுத்தவர் தந்த உரிமம் படத்தில் இருப்பவரின் சம்மதம் ஆகாது.

கேள்வி: நான் எழுதிய மென்பொருளைச் சிசி பை-எஸ்ஏவில் விடலாமா?

பதில்: வேண்டாம். மூலநிரலுக்கு ஜிபிஎல், எம்ஐடி என்று அதற்கான உரிமங்கள் இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே மென்பொருளுக்குத் தன் உரிமங்களைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: என் ஓவியங்களை எல்லோரும் பயன்படுத்தட்டும். ஆனால் ஒரு நிறுவனம் அள்ளிக்கொண்டு போய்ச் சம்பாதித்தால் வயிறு எரியும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வயிறு எரிவது நியாயம்தான். ஆனாலும் உடனே என்சிக்குப் போய்விடாதீர்கள். விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் விக்கிமீடியா பொதுவகம் என்சி, என்டி இரண்டையும் ஏற்பதில்லை. விலைபோட்டு விற்கும் பாடநூலைத் தயாரிக்கும் சிறு பதிப்பாளரும் பயந்து ஒதுங்கிவிடுவார். பை-எஸ்ஏ போட்டால் நிறுவனம் உங்கள் பெயரைப் போட்டாக வேண்டும். உங்கள் ஓவியத்தை மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் ஊருக்குத் திறந்துவிட வேண்டும். அப்படித் திறக்க விரும்பாத நிறுவனம் தனி அனுமதிக்கு உங்களிடம்தான் வரும், அப்போது விலை பேசலாம். ஏற்றிய பிறகு திரும்பப் பெற முடியாது என்பதால் ஒரு வாரம் பொறுத்து முடிவெடுங்கள். யாராவது கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியங்கள் அதில் இருந்தால், உரிமை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.