லூப்பிங் யோயோ: கயிறும் இடைவெளியும் (கேள்வி பதில்)

கே: லூப் அடிக்கும்போது, அதாவது திரும்பி வரும் யோயோவைப் பிடிக்காமல் மணிக்கட்டால் சுழற்றி மறுபடி முன்னால் அனுப்பும்போது, யோயோ முன்னால் போய், திரும்பாமல் தொங்கிவிடுகிறது. இரண்டு பாதிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைக்கலாமா?

ப: முதலில் கயிற்றைப் பாருங்கள். 6 இழை போட்டிருந்தால் 8 இழைக்கு மாறுங்கள். கயிறு தடிக்கும்போது பக்கச் சுவர் அதைச் சீக்கிரம் பிடிக்கும். இடைவெளியைக் குறைத்தாலும் இதேதான் நடக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

கே: 10 இழை போட்டேன். விரலைப் பிடுங்குகிறது.

ப: 8க்கு இறங்குங்கள்.

கே: இரண்டு கையிலும் ஒரே மாடல், ஒரே கயிறு. முப்பது லூப்புக்கு அப்புறம் ஒன்று திரும்பாமல் செத்துவிடுகிறது, இன்னொன்று பாதியிலேயே வெட்டித் திரும்புகிறது. எதில் இடைவெளியை மாற்ற?

ப: எதிலும் வேண்டாம். ஒவ்வொரு லூப்பும் கயிற்றின் முறுக்கைக் கொஞ்சம் ஏற்றும் அல்லது இறக்கும். இரண்டு கயிறும் ஒரே பக்கம் முறுக்கியவை. கைகளோ ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். அதனால் ஒரு கையில் இறுகுவது மறு கையில் தளரும். தளர்ந்தது அச்சில் வழுக்கும், இறுகியது கவ்வும். கயிற்றின் நடுப்பகுதியைத் தொய்வாக விடுங்கள். ஊஞ்சல் மாதிரி வளைந்து தொங்கினால் சரி. தன்னைத் தானே பின்னிக்கொண்டால் முறுக்கு அதிகம். யோயோவைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் சுழற்றினால் இறுகும், எதிர்ச்சுற்றில் தளரும். நான் ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் இதைச் செய்கிறேன். கயிறு மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுசும் பழசும் ஜோடி சேராது.

கே: அச்சைக் கொஞ்சம் தளர்த்தினால் இடைவெளி கூடுமே?

ப: இடைவெளியைப் பற்றி இன்றைக்கு இது மூன்றாவது கேள்வி. திருகி இடைவெளி மாற்றும் மாடல் என்றால் செய்யலாம், அதுவும் அரைக்கால் சுற்றுதான். எம்4 மரையில் (4 மில்லிமீட்டர் திருகு) முழுச் சுற்றுக்கு 0.7 மில்லிமீட்டர் நகரும், அரைக்கால் சுற்றுக்குச் சுமார் 0.09. லூப்பிங்குக்கு அதுவே தெரியும். மற்ற மாடல்களில் இரண்டு பாதியும் பேரிங்கில் முட்டி இறுகியிருக்கும். தளர்த்தினால் யோயோ ஆடும், பிளாஸ்டிக் மரை போகும். இடைவெளி கூட வேண்டுமென்றால் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வையுங்கள்.

கே: பருத்திக் கயிறுதான் அசல். பாலியெஸ்டர் எல்லாம் வியாபாரம்.

ப: மர அச்சுக்குப் பருத்திதான். உராய்ந்து சூடேறினால் பாலியெஸ்டர் உருகும். 1928இல் பெத்ரோ புளோரஸ் கலிஃபோர்னியாவில் யோயோ கம்பெனி தொடங்கிய காலத்தில் பேரிங் கிடையாது. இன்றைய லூப்பிங் யோயோ பேரிங்கில் ஓடுகிறது. பருத்தி அதில் சீக்கிரம் பஞ்சாகித் தடிக்கும், அப்புறம் அறும். லூப்பில் அறுந்தால் யோயோ முகத்துக்கு வரும். என் உதட்டில் தையல் இருக்கிறது.

கே: பத்து வருஷமாகப் போடுகிறேன், அறுந்ததே இல்லை.

ப: அப்படியானால் தினமும் மாற்றுகிறீர்கள், இல்லை லூப் அடிப்பதில்லை.

கே: வாரம் ஒருமுறை மாற்றுவேன். தினம் நூறு லூப்.

ப: எந்த யோயோவில்?

கே: தாத்தாவுடைய மர யோயோ.

ப: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பருத்தியே போடுங்கள். தினமும் மாற்றுங்கள்.

கே: அப்போ 6 இழையா, 8 இழையா?

ப: முதல் பதிலில் சொன்னதுதான், 8.