தமிழ்நாட்டுக்குள் விற்க ஜி.எஸ்.டி. வேண்டாம், படத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பத்திரிகைகளுக்கும் குழந்தைகள் புத்தகங்களுக்கும் படம் வரைந்து கொடுக்கிறேன். பொங்கல், கிறிஸ்துமஸ், பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளை வீட்டிலேயே கையால் செய்து விற்க ஆசை. ஜி.எஸ்.டி., உத்யம் (சிறுதொழில் பதிவு), டிரேட்மார்க், டிசைன் பதிவு நான்கும் எடுத்த பிறகுதான் விற்கலாம், எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஜங்ஷனில் உள்ள ஓர் ஏஜென்ட். டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர், என் படங்களில் 20-ஐ மொத்தமாக வாங்கி சிவகாசியில் அச்சடித்துக்கொள்வதாகச் சொல்கிறார். நான் எதை முதலில் செய்ய?

பதில்: அந்த 12,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன நான்கில் இன்றைக்கு உங்களுக்குப் பயன்படக்கூடியது உத்யம் ஒன்றுதான். அதற்குக் கட்டணமே கிடையாது. 2020 ஜூலையிலிருந்து மத்திய அரசின் இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் வைத்து யாரும் தானே பதிந்துகொள்ளலாம். ஒருமுறை பதிந்தால் போதும், புதுப்பிக்கத் தேவையில்லை. தேடும்போது அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் பக்கங்கள் முன்னால் வந்து நின்று பணம் கேட்கும். பணம் கேட்டால் அது அரசுப் பக்கம் இல்லை, உடனே வெளியே வந்துவிடுங்கள். இலவசமாகத் தரும் ஒன்றின் பெயரில் இத்தனை பேர் கடை விரித்திருப்பதை அரசு ஏன் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று எனக்குப் பல வருடமாக ஆற்றாமை.

டிசைன் பதிவு பற்றி அவர் சொன்னதுதான் எனக்குக் கோபம். காலண்டர், தபால்தலை, வாழ்த்து அட்டை போன்றவற்றை வடிவமைப்புச் சட்டத்தில் பதியவே முடியாது. கிடைக்காத ஒன்றுக்கும் சேர்த்துக் காசு கேட்டிருக்கிறார். டிரேட்மார்க் நீங்கள் வைக்கப்போகும் பெயருக்கானது. தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு பொருள் வகைக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பெயர் நாலு பேருக்குத் தெரிந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி ஜி.எஸ்.டி.க்கு வருவோம். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு. நீங்கள் படம் வரைந்து கொடுத்துக் கூலியும் வாங்குகிறீர்கள், அது சேவை. அதனால் உங்களுக்கு அட்டை விற்பனையும் கூலியும் சேர்த்து 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை டவுன் கடைக்குக் கொடுங்கள், கண்காட்சியில் போடுங்கள், சென்னைக்குத் தபாலில் அனுப்புங்கள், எதற்கும் பதிவு வேண்டாம்.

ஆனால் ஓர் இடத்தில் கால் வைக்கும்போது கவனம் வேண்டும். அட்டை மாநில எல்லையைத் தாண்டினால் இந்த 20 லட்சக் கணக்கு செல்லாது. முதல் அட்டைக்கே பதிவு கட்டாயம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சென்னைக்கு ஆயிரம் அட்டை அனுப்பலாம். செங்கோட்டையைத் தாண்டி இருக்கும் புனலூருக்கு ஓர் அட்டை அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் பெங்களூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும்தான் முதலில் கேட்பார்கள், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்னொரு வேடிக்கையான நிலைமையும் உண்டு. அதே பெங்களூர்க்காரருக்கு ஒரு படத்தை வரைந்து மின்னஞ்சலில் அனுப்பிக் கூலி வாங்கினால், 20 லட்சம் வரை பதிவு வேண்டாம், சேவைக்கு அந்தச் சலுகை உண்டு. படத்தைத் தாளில் ஒட்டி உறையில் போட்டு அனுப்பினால் பதிவு வேண்டும். ஒரே கை, ஒரே படம். வீட்டில் இருந்து சம்பாதிக்க நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இது எப்படிப் புரியும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை.

கைவினைப் பொருளுக்கு வெளிமாநில விற்பனையிலும் விலக்கு உண்டே என்று யாராவது சொல்வார்கள். உண்டு. ஆனால் அது அரசு அறிவிக்கையில் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட பொருள்களுக்கு, அதுவும் பெரும்பகுதி கையாலேயே செய்தவற்றுக்கு. படத்தை பிரிண்ட் எடுத்து ஒட்டிய அட்டையை அதற்குள் திணிக்க முடியாது. ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கும் 2023 அக்டோபரிலிருந்து ஒரு சலுகை வந்திருக்கிறது. பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். ஆக எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் எல்லைதான். முதல் ஒரு வருடம், "தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்பப்படும்" என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வெளியிலிருந்து நிலையாக ஆர்டர் வருகிறது என்று கண்டபின் பதிவு எடுங்கள்.

எடுக்கும் நாளில் அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் ஓர் அட்டைகூட விற்காத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். ஏஜென்டுகள் பதிவை வலிய எடுத்துக் கொடுப்பது இதற்காகத்தான்: ஒருமுறை எடுத்துவிட்டால் மாதாமாதம் அவரிடம் போய் நிற்க வேண்டும். அதைவிட மோசம், விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண்ணுக்குப் பதில் தன் எண்ணைப் போட்டுக்கொள்வது. அதன்பிறகு ஓ.டி.பி. அவருக்குப் போகும், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், உங்கள் பெயரில் நடக்கும் கணக்கு உங்களுக்கே தெரியாது. ஏழை எளியவர்களின் ஆதார், பான் நகலை வாங்கி அவர்கள் பெயரில் போலி நிறுவனம் திறந்து கோடிக்கணக்கில் பில் போட்டவர்கள் இருக்கிறார்கள். நோட்டீஸ் வந்தது அந்தக் குடும்பங்களுக்கு. ஜங்ஷன்காரரிடம் நகல் ஏற்கனவே கொடுத்திருந்தால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். உங்கள் பெயரில் ஏதாவது பதிவு இருந்தால் அங்கே தெரியும்.

அடுத்து டவுன் கடைக்காரர். அவர் நல்லவராகவே இருக்கலாம், நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் "இருபது படம், மொத்தமாக ஒரு தொகை" என்ற பேச்சில் எதை விற்கிறீர்கள் என்பது தெளிவாக இல்லை. நீங்கள் உங்களுக்காக வரைந்த படத்தின் காப்புரிமை (காப்பிரைட்), வரைந்த நொடியிலேயே உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது பொய். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அது உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டும் நிற்கும். அதை இன்னொருவருக்கு மாற்ற, நீங்கள் எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே அவர் நீட்டும் தாளில் "முழு உரிமை", "நிரந்தரமாக" என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குப் பதிலாக, இந்தப் படம், அட்டை அச்சிட மட்டும், இத்தனை பிரதி, இத்தனை வருடம், இன்ன தொகை என்று எழுதி வாங்குங்கள். கால அளவு எழுதாமல் விட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும்.

இதில் பலரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. ஏற்கனவே வரைந்து வைத்த படத்தைக் கொடுப்பது வேறு. அவர் "எனக்குப் பொங்கலுக்குப் பத்துப் படம் போட்டுக் கொடும்மா" என்று காசு கொடுத்து, அதன்பேரில் நீங்கள் ஓவியம் வரைவது வேறு. இரண்டாவதில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டம். பிறகு உங்கள் பொங்கல் பானையை நீங்களே உங்கள் அட்டையில் போட முடியாது. "காப்புரிமை ஓவியருக்கே" என்ற ஒரு வரியை வாட்ஸ்அப்பிலாவது முதலிலேயே அனுப்பி, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சிவகாசி அச்சு அருமையாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஆஃப்செட்டில் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் விலை கட்டும். மீந்த பொங்கல் அட்டைக் கட்டு அடுத்த தை வரை பரண்மேல் கிடக்கும். நீங்கள் டிஜிட்டல் பிரிண்டில் ஒரு படத்துக்கு ஐம்பது எடுத்துப் பாருங்கள். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாளில் ஏ4 ஒன்றுக்கு இரண்டு மடிப்பு அட்டை வரும். மடிக்கும் இடத்தில் கிரீஸிங் (மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது) போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மடிப்பில் நிறம் வெடிக்கும். பத்தமடைக் கோரையின் மெல்லிய துண்டையோ பனையோலையையோ முகப்பில் ஒட்டினால், மற்ற ஊர்க்காரர்கள் எளிதில் செய்ய முடியாத அட்டை உங்களுடையது. சினிமா நடிகர் முகம், பாட்டு வரி, கார்ட்டூன் பாத்திரம் மூன்றையும் தொடாதீர்கள், அவை வேறொருவருடைய சொத்து.

விலை போடும்போது கடைக்காரரின் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். 60 ரூபாய் அட்டையில் அவர் 40 சதவீதம் எடுத்தால் உங்கள் கைக்கு வருவது 36. தாள், உறை, பிரிண்ட் போக உங்கள் கூலியும் அதற்குள் அடங்க வேண்டும். "விற்றால் காசு" என்று வைக்கும் கடையில் எத்தனை அட்டை கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும். உத்யம் சான்றிதழோடு உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக்கே நேராகப் போங்கள். முத்ராவுக்கு ஏஜென்ட் என்று யாரையும் அரசு வைக்கவில்லை. கைவினைஞர்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால், அதில் உள்ள 18 தொழில்களில் ஓவியர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம், ஆனால் நாலு முறை அலைய வைப்பார்கள். இந்த அளவுத் தொழிலுக்கு அந்த அலைச்சல் இப்போது வேண்டாம்.

டவுன் கடைக்காரரைப் பார்க்கப் போகும்போது படங்களை பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள், செல்போனுக்கும் அனுப்பாதீர்கள். செய்து முடித்த அட்டைகளில் ஐந்தாறை மட்டும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். எழுத்து வாங்கி, முன்பணம் வந்த பிறகு படத்தின் கோப்பைக் கொடுத்தால் போதும்.