காலில் குத்தும் ஊசிக்கும் அடிவயிற்று வலிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: எனக்கு வயது 26. மாதவிடாயின் முதல் இரண்டு நாளும் அடிவயிற்றைப் பிழிந்தெடுப்பது போல வலிக்கும். மாத்திரை போட்டால் குறைகிறது, ஆனால் நெஞ்செரிச்சல் வந்துவிடுகிறது. அக்குபங்சர் செய்துகொண்டால் மூளையே வலியை மறந்துவிடும் என்கிறாள் தோழி. உண்மையா? மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: மாத்திரையை இப்போதே விட வேண்டாம். அக்குபங்சரைத் தாராளமாக முயன்று பார்க்கலாம். உங்கள் தோழி சொன்னது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் முழுக்கத் தவறும் இல்லை.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கருப்பையின் உட்சுவர் உரியத் தொடங்கும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிச் சுருக்குகிறது. அந்த இறுக்கத்தில் ரத்தக் குழாய்களும் நெரிபடுவதால் தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நீங்கள் சொல்லும் பிழிந்தெடுக்கும் வலி இதுதான். இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் இந்தச் சுரப்பையே குறைக்கின்றன. அதனால் வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போட்டால் நன்றாகக் கேட்கும். நெஞ்செரிச்சலை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றலாம், வயிற்றைக் காக்க வேறொன்று சேர்க்கலாம். சகித்துக்கொண்டு இருக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

சரி, அக்குபங்சர் ஊசிக்கு வருவோம். மாதவிடாய் வலிக்கு அதிகம் பயன்படுத்தப்படும் புள்ளி காலில் இருக்கிறது. உள்பக்கக் கணுக்கால் மேட்டிலிருந்து நான்கு விரல் அகலம் மேலே, எலும்பின் பின்விளிம்பை ஒட்டினாற்போல. சீன மருத்துவத்தில் அதன் பெயர் சான்யின்ஜியாவ். ஊசியின் தடிமன் கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். குத்தும்போது எறும்பு கடித்தது போலச் சுருக்கென்று இருக்கும். அப்புறம் ஊசியை லேசாகத் திருகும்போது அந்த இடம் கனத்து, மந்தமாக ஒரு வலி பரவும். ஊசி சரியான ஆழத்துக்குப் போயிருக்கிறது என்பதற்கு அந்தக் கனத்தைத்தான் சிகிச்சையாளர்கள் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

காலில் குத்தினால் வயிற்றுக்கு எப்படி? அந்த இடத்து நரம்பும், இடுப்புக்குள் உள்ள உறுப்புகளின் நரம்புகளில் ஒரு பகுதியும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய ஒரே அடுக்கில் போய்ச் சேருகின்றன. அங்கிருந்து செய்தி மூளைக்கு ஏறுகிறது. மேலிருந்து வலியைத் தணிக்கும் பாதை ஒன்று நம் எல்லோருக்கும் நடுமூளையில் இருக்கிறது. எண்டார்ஃபின் போன்ற, உடலே தயாரிக்கும் வலி நிவாரணிகளின் துணையோடு அது இயங்குகிறது. 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், அக்குபங்சரால் குறைந்த பல்வலி உணர்வு, எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நாலக்சோன் மருந்தைச் செலுத்தியதும் திரும்பி வந்தது. மூளை எப்படிச் செயல்படுகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆய்வுகளில், ஊசி குத்தும்போது அச்சத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புள்ள அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிகளின் செயல்பாடு தணிந்ததையும் பார்த்திருக்கிறார்கள். வலி இருக்கும், ஆனால் அதன் மிரட்டல் குறையும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மாதாமாதம் கடும் வலியை அனுபவிப்பவர்களின் நரம்பு மண்டலம் வலிக்குக் கூடுதலாக உணர்வு கொள்ளப் பழகிவிடுகிறது. அதனால் மூளையைச் சேர்த்துப் பார்ப்பது சரியான அணுகுமுறைதான். ஆனால் ஸ்கேனில் தெரியும் மாற்றத்தை வைத்து "குணமாகிவிடும்" என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். தோலுக்குள் இறங்காத போலி ஊசியை வைத்தாலும் பலருக்கு வலி குறைகிறது, ஏனென்றால் எதிர்பார்ப்பும் அதே தணிக்கும் பாதையைத் தூண்டுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016 மதிப்பாய்வு 42 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, பலன் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லப் போதிய தரமான சான்று இல்லை என்றது. அதனால்தான் ஊசியை மாத்திரையின் இடத்தில் வைக்காமல் பக்கத்துணையாக வைக்கச் சொல்கிறேன். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் நல்ல துணைதான்.

ஊசிக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்பு இல்லாத வலி புதிதாக வந்திருக்கிறதா? வருடத்துக்கு வருடம் கூடுகிறதா? மாதவிடாய் இல்லாத நாட்களிலும், உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலிக்கிறதா? ரத்தப்போக்கு மிக அதிகமா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பைக் கட்டி போன்றவை பல வருடங்கள் "சாதாரண வலி" என்ற பெயரில் மறைந்து கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசியால் வலி சற்றுத் தணிந்து, நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கக் கூடாது.

சிகிச்சையாளர் முறையாகப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உங்கள் கண்முன்னே புதிய ஊசி உறையைப் பிரிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதவிடாய்ச் சுழற்சி வரை பாருங்கள். ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு நாளும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்றும் எழுதுங்கள். சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மாதத்தையும் அதில் சேர்த்தால்தான் ஒப்பிட முடியும். மாத்திரையின் எண்ணிக்கை குறைந்திருந்தால் தொடருங்கள். அதே எண்ணிக்கைதான் என்றால் ஊசியை நிறுத்திவிட்டு, அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.