டெக் நிறுவனங்களுக்குப் பொது நன்மையில் உண்மையிலேயே அக்கறை உண்டா, இல்லை எல்லாம் லாபக் கணக்குதானா?

கேட்ட தொனியைப் பார்த்தால் இப்போதுதான் வேலைக்குச் சேரப் போகிறவர் போலத் தெரிகிறது. கையில் ஆஃபர் லெட்டர், மனசில் ஓர் உறுத்தல். பதினாறு வருடம் இந்தத் துறையில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அக்கறையுள்ள ஆட்கள் உள்ளே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை எழுதி வைக்க நிறுவனத்தின் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற லைப்ரரியில், அதாவது பலரும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் ஓர் இலவச மென்பொருள் துண்டில், பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. புரோகிராம் என்ன செய்தது என்று குறித்து வைப்பதுதான் அதன் வேலை. ஆனால் ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதியதைத் தொட்டால் பெரும்பாலும் அதுவும் உள்ளே இருக்கும். ஒருவர் வெளியிலிருந்து ஒரு வரியை அனுப்பினால் போதும், நம் சர்வர் அந்நியர் எழுதிய புரோகிராமை இழுத்து வந்து ஓட்டிவிடும். ஆபத்து மதிப்பீடு 10க்கு 10.

மூன்று ராத்திரி தூக்கமில்லை. பதிப்பை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் உயிரை எடுத்தது. நாங்கள் சேர்த்த லைப்ரரி, அது சேர்த்த லைப்ரரி, அதற்குள்ளே இது. முடிந்தது என்று படுத்தால் திருத்தத்துக்கே இன்னொரு திருத்தம் வந்து நின்றது. அப்போதுதான் இதை எழுதுவது யார் என்று பார்த்தேன். இலவச மென்பொருள் திட்டங்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழே வேலை செய்யும் தன்னார்வலர்கள். சொந்த வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறவர்கள். அவர்களும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

எங்கள் பில்லிங் முழுக்க இவர்கள் புண்ணியத்தில் ஓடுகிறது, ஒரு சிறு தொகை அனுப்பலாமே என்று மேலே மெயில் போட்டேன். யாரும் மறுக்கவில்லை, அதுதான் விசேஷம். கொள்முதல் பிரிவு வெண்டர் பதிவுப் படிவம் அனுப்பியது. மூன்று கொட்டேஷன் வேண்டுமாம். இலவசப் பொருளுக்கு மூன்று கொட்டேஷன்! கடைசியில், "நல்ல எண்ணம், அடுத்த வருட பட்ஜெட்டில் பார்ப்போம்." பார்க்கவில்லை. அதே மாதம் ராத்திரி விழித்தவர்களுக்கெல்லாம் டி-ஷர்ட் அச்சடித்துக் கொடுத்தார்கள். டி-ஷர்ட்காரருக்கு வெண்டர் கோட் இருந்தது.

'அப்படியென்றால் அங்கே ஏன் சம்பளம் வாங்கினாய்?' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், வாங்கினேன், வீட்டுக் கடன் அதில்தான் அடைந்தது. முதலாளித்துவம் ஒழிக என்று நான் கொடி பிடிக்கவும் இல்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மையமான கர்னலில் பெரும்பகுதியை இன்று எழுதுவது நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கும் ஆட்கள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். தங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இடத்தில் அள்ளிக் கொடுப்பார்கள். மற்ற இடத்தில் தீப்பிடித்த பிறகு வருவார்கள். 2014இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தபோது, இணையத்தின் பூட்டாக இருந்த அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். அதற்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாக நிதி போட்டன.

இடையில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அந்த மூன்று ராத்திரிக்குக் காம்ப் ஆஃப், அதாவது ஈடாக விடுப்பு, தருகிறோம் என்றார்கள். வேலை நெருக்கடியில் எடுக்க முடியவில்லை, மார்ச்சில் காலாவதி ஆகிவிட்டது. அப்ரைசலில் 'எதிர்பார்ப்பை நிறைவு செய்தார்', அவ்வளவுதான். எதுவும் உடையாமல் பார்த்துக்கொண்டால் எந்த ஸ்லைடிலும் காட்ட முடியாதே.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2022 ஜனவரியில், இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் வாங்கவும் பயன்படும் கர்ல் என்ற இலவச மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு ஒரு பெரிய நிறுவனம், லாக்ஃபோர்ஜே பற்றி 24 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று மெயில் அனுப்பியது. கர்லில் லாக்ஃபோர்ஜே கிடையவே கிடையாது. ஆதரவு ஒப்பந்தம் கையெழுத்தானதும் விவரமாகப் பதில் சொல்கிறேன் என்றார் மனிதர். எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். நன்கொடை என்ற சொல் கொள்முதல் பிரிவுக்குப் புரியாது. ஒப்பந்தம், சந்தா, இன்வாய்ஸ் எல்லாம் புரியும்.

இப்போது இருக்கும் நிறுவனத்தில், நாங்கள் நம்பியிருக்கும் இரண்டு திட்டங்களுக்கு 'மென்பொருள் சந்தா' என்ற தலைப்பில் பணம் போகிறது. ஒரே வாரத்தில் ஒப்புதல் கிடைத்தது. வருடா வருடம் தணிக்கையில் மட்டும், இது எத்தனை பேருக்கான லைசென்ஸ் என்று கேட்கிறார்கள். 'எல்லோருக்கும்' என்று எழுதி அனுப்புகிறேன்.